சொந்தக் கைப்பேசியில் அலுவலக வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக மின்னஞ்சல், வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், வாடிக்கையாளரோடான உரையாடல் என ஒவ்வொன்றாக ஊழியரின் சொந்தக் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. பெரும்பாலான இடங்களில் இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வசதியாக இருந்தது, நடந்துவிட்டது. பிறகு ஒரு நாள் ஐ.டி. பிரிவிலிருந்து ‘இந்தச் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. அப்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. ஊழியர்கள் கேட்பவையும் நிறுவனம் நடத்துபவர்கள் கேட்பவையும் கீழே கலந்தே தரப்பட்டுள்ளன. ஒரு தரப்பின் கேள்விக்கான பதிலை மறு தரப்பும் படிப்பது நல்லது.

மின்னஞ்சல் மட்டும்தான் பார்க்கிறேன். அதற்குமா இவ்வளவு ஏற்பாடு?

ஆம். ஒருவருடைய அலுவலக மின்னஞ்சல் பெட்டிக்குள் ஒப்பந்தங்கள், சம்பள விவரங்கள், வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்கள் எல்லாம் இருக்கும். அதோடு பிற சேவைகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகளும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேரும். பூட்டப்படாத ஒரு கைப்பேசி பிறர் கைக்குப் போனால், மின்னஞ்சல் ஒன்றைக் கொண்டே மற்ற கணக்குகளுக்குள்ளும் நுழைந்துவிடலாம்.

அப்படியானால் நிறுவனமே ஆளுக்கொரு கைப்பேசி கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம், மருத்துவம், வங்கி, பாதுகாப்பு போன்ற துறைகளில் பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் வாங்கும் செலவோடு விஷயம் முடிவதில்லை: பழுது, மாற்று, இணைய இணைப்பு, விலகுபவரிடமிருந்து திரும்பப் பெறுவது என்று தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலை அது. ஊழியர்களும் இரண்டு கைப்பேசிகளைச் சுமக்க விரும்புவதில்லை. அலுவலகக் கைப்பேசி மேசை இழுப்பறையில் கிடக்க, வேலை மெல்லச் சொந்தக் கைப்பேசிக்கே திரும்பிவிடும். நிறுவனம் வாங்கித் தந்து சொந்த உபயோகத்துக்கும் அனுமதிக்கும் இடைப்பட்ட முறையும் உண்டு. கைப்பேசியிலேயே நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்கு, உதாரணமாக விநியோகப் பணியாளர்களுக்கும் களப் பரிசோதகர்களுக்கும், நிறுவனம் வாங்கித் தருவதே நியாயம் என்பது எங்கள் கருத்து. எப்போதாவது மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்குச் சொந்தக் கைப்பேசி போதும்.

என் புகைப்படங்களையும் குறுஞ்செய்திகளையும் நிறுவனம் பார்க்க முடியுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் கைப்பேசி எந்த முறையில் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டுமான கட்டுப்பாடு. அலுவலக மின்னஞ்சல் செயலியும் ஆவணச் செயலியும் நிறுவனத்தின் விதிகளுக்கு உட்படும். கைப்பேசியின் மற்ற பகுதிக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. அந்தச் செயலியைத் திறக்கத் தனி பின் எண் கேட்கும். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து உங்கள் சொந்த வாட்ஸ்அப்பில் ஒட்டப் பார்த்தால், எடுத்த வரிகளுக்குப் பதிலாக, நிறுவனத் தரவை இங்கே ஒட்ட முடியாது என்ற பொருளில் ஒரு வாசகம் வந்து விழும். மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் போன்ற சேவைகள், கைப்பேசியை முழுமையாகப் பதிவு செய்யாமலேயே இதைச் செய்கின்றன.

இரண்டாவது, கைப்பேசிக்குள் தனி அறை. ஆண்ட்ராய்டில் இது 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து வொர்க் புரொஃபைல் என்ற பெயரில் இருக்கிறது. ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 பதிப்போடு யூசர் என்ரோல்மென்ட் என்ற முறை வந்தது. அதில் நிறுவனத் தரவு தனிப் பகுதியில், தனி மறையாக்கச் சாவியோடு (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ரகசியக் குறியீடு) வைக்கப்படுகிறது. இவ்விரண்டிலும் உங்கள் புகைப்படம், குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல் ஆகியவை நிறுவனத்துக்குத் தெரியாது. நீங்கள் சொந்தமாக என்னென்ன செயலிகள் வைத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல்கூடத் தெரியாது. ஆண்ட்ராய்டு 12 முதல், ஊழியருக்குச் சொந்தமான கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) நிறுவனத்தின் மேலாண்மைச் செயலி படிக்கவும் வழியில்லை.

மூன்றாவது, கைப்பேசி முழுவதையும் நிறுவனத்தின் மேலாண்மைக்கு ஒப்படைப்பது. இதிலும் புகைப்படங்களையும் செய்திகளையும் திறந்து பார்க்கும் வசதி சாதாரணமாகக் கிடையாது. ஆனால் செயலிகளின் பட்டியல் தெரியும். கைப்பேசியை மொத்தமாக அழிக்கும் அதிகாரமும் நிறுவனத்திடம் போய்விடும். ஒருவர் வைத்திருக்கும் செயலிகளின் பெயர்களே அவருடைய உடல்நலம், மத நம்பிக்கை, வேலை தேடும் முயற்சி ஆகியவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. நிறுவனம் வாங்கித் தந்த கைப்பேசிக்கு இந்த முறை பொருந்தும். சொந்தக் கைப்பேசிக்கு இதைக் கேட்கும் நிறுவனம் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

என் கைப்பேசி எந்த முறையில் இருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் செயலிகள் பட்டியலைத் திறக்கும்போது கீழே ‘தனிப்பட்டவை’, ‘பணி’ என்ற இரண்டு பிரிவுகளும், பணிச் செயலிகளின் ஐகான் மீது சிறிய கைப்பெட்டிக் குறியும் இருந்தால் அது வொர்க் புரொஃபைல். ஒரே செயலி இரண்டு முறை, ஒன்று குறியோடும் ஒன்று குறியில்லாமலும் இருப்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். அது பிழையன்று, இரண்டும் தனித்தனிக் கணக்குகளில் இயங்குகின்றன. ஐபோனில் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குள் ‘விபிஎன் மற்றும் சாதன மேலாண்மை’ என்ற இடத்தைத் திறந்தால், நிறுவனம் நிறுவியிருக்கும் சுயவிவரமும் அதற்குத் தரப்பட்ட உரிமைகளும் வரிசையாகத் தெரியும். அங்கே எதுவும் இல்லையென்றால் கைப்பேசி முழு மேலாண்மையில் இல்லை என்று கொள்ளலாம்.

முதன்முதலாக நிறுவும்போது வரும் அனுமதித் திரைகளை யாரும் படிப்பதில்லை. அந்தத் திரைகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்குச் சம்மதித்தோம் என்ற கேள்வி பின்னால் எழும்போது உதவும்.

நான் பார்க்கும் இணையதளங்கள் தெரியுமா?

அலுவலக வைஃபையில் இணைந்திருக்கும்போது எந்தெந்தத் தளங்களோடு தொடர்புகொள்கிறீர்கள் என்பது பொதுவாக அந்த வலையமைப்பை நிர்வகிப்பவருக்குத் தெரியும். இதற்கு மேலாண்மைச் செயலிகூடத் தேவையில்லை. தனி அறை முறையில் நிறுவனத்தின் விபிஎன் (நிறுவன வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பான வழி), பணிச் செயலிகளின் போக்குவரத்தை மட்டுமே தன் வழியாக அனுப்பும். கவனிக்க வேண்டியது வேறொன்று: கைப்பேசி முழுவதற்குமான ரூட் சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கைப்பேசிக்குச் சொல்லும் கோப்பு) நிறுவச் சொன்னால், மறையாக்கப்பட்ட போக்குவரத்தையும் இடையில் பிரித்துப் படிக்க அது வழி தரக்கூடும். சொந்தக் கைப்பேசியில் அதை ஏற்கும் முன் அவசியம் கேள்வி கேளுங்கள்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கண்காணிப்பார்களா?

வருகைப் பதிவுச் செயலிக்கு நீங்களே இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், அது தெரிவிக்கும். அனுமதியை ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வையுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், ஊழியரின் சொந்தக் கைப்பேசியில் இருப்பிடம், கேமரா, ஒலிவாங்கி ஆகியவற்றுக்கான அனுமதியை நிர்வாகி உங்கள் சார்பில் தாமே தந்துகொள்ள முடியாது. ஐபோனில் தொலைந்த சாதனத்தைத் தேடும் மேலாண்மை வசதி, நிறுவனக் கண்காணிப்பு நிலையில் அமைக்கப்பட்ட சாதனங்களில் மட்டுமே வேலை செய்யும். கடையில் வாங்கிய உங்கள் சொந்த ஐபோன் அந்த வகையில் வராது.

நிறுவனம் என் கைப்பேசியை அழித்துவிட முடியும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் முழுக்க உண்மை. இன்றும் சில இடங்களில் உண்மை. கைப்பேசியின் மின்னஞ்சல் செயலியில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் என்ற இணைப்பு முறை ‘இந்தச் சாதனத்தை நிர்வகிக்க அனுமதி’ கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்திவிட்டால், தொலைவிலிருந்து கைப்பேசியை மொத்தமாகத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் உரிமை நிர்வாகியிடம் போய்விடும். ஊழியர் விலகும் நாளில் ஐ.டி. பிரிவில் ஒருவர் வழக்கமான பட்டியலை முடிக்கும் நோக்கில் ஒரு பொத்தானை அழுத்துவார். அலுவலக மின்னஞ்சலோடு குடும்பப் படங்களும் போய்விடும். கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் தவறாக இட்டால் எல்லாவற்றையும் அழிக்கும் விதியையும் இதே வழியில் விதிக்க முடியும். விளையாட்டாகக் கைப்பேசியை எடுக்கும் குழந்தைக்கு அந்த விதி தெரியாது.

இதைத் தவிர்க்கத்தான் மேலே சொன்ன முதல் இரண்டு முறைகளும் உருவாயின. செயலி அளவிலான கட்டுப்பாட்டில் அந்தச் செயலிக்குள் இருக்கும் நிறுவனத் தரவு மட்டும் நீங்கும். வொர்க் புரொஃபைலில் அந்த அறை மட்டும் அழியும். ஐபோனின் யூசர் என்ரோல்மென்ட் முறையில் சாதனம் முழுவதையும் அழிக்கும் கட்டளையே நிர்வாகிக்குக் கிடையாது. மைக்ரோசாஃப்டும் பின்னாளில், கணக்கை மட்டும் நீக்கும் கட்டளையைத் தனியாகச் சேர்த்தது. ஆகவே சொந்தக் கைப்பேசியை மொத்தமாக அழிக்கும் உரிமையை இன்று ஒரு நிறுவனம் வைத்திருந்தால், அதைத் தொழில்நுட்பக் கட்டாயம் என்று சொல்வதை ஏற்க முடியாது. பழைய அமைப்பை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஊழியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ‘நீங்கள் அழித்தால் என் கைப்பேசியில் எவையெல்லாம் போகும்?’ இதற்கு ஐ.டி. பிரிவால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்றால், பதில் வரும்வரை இணைக்காமல் இருப்பது நல்லது. இணைத்த பிறகும், சொந்தப் படங்களுக்குத் தனியாகக் காப்புப் பிரதி எடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு.

கைப்பேசி தொலைந்துவிட்டால் யாரிடம் முதலில் சொல்வது?

ஐ.டி. பிரிவிடம், அதுவும் உடனே. திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்பவர்களே அதிகம். சேதம் நிகழ்வது அந்த இடைவெளியில்தான். இதனால்தான், தொலைந்ததைத் தெரிவித்த ஊழியர் மீது நடவடிக்கை இல்லை என்று நிறுவனம் தன் கொள்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும். சிம் கார்டை முடக்குவதும், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் வழியே கைப்பேசியைப் பூட்டுவதும் உங்கள் வேலை.

எங்கள் அலுவலகமே வாட்ஸ்அப் குழுக்களில்தான் இயங்குகிறது. அது தவறா?

தவறு என்று சொல்லித் தடை விதித்த பல இடங்களில் குழுக்கள் வேறு பெயரில் தொடர்கின்றன. ஆகவே எது ஆபத்து என்பதை முதலில் பார்ப்போம். விற்பனைப் பிரிவின் குழுவை ஒரு மேலாளர் தன் சொந்த எண்ணில் உருவாக்குகிறார். வாடிக்கையாளர்களின் விலைப்பட்டியல், முகவரி, ரசீது எல்லாம் அதில் வருகின்றன. வந்த படங்கள் ஒவ்வொருவருடைய கேலரியிலும் தானாகச் சேர்கின்றன. அங்கிருந்து அவரவர் சொந்த மேகக் கணக்குக்குக் காப்புப் பிரதியாகப் போகின்றன. மேலாளர் வேலையை விட்டுப் போகும்போது குழுவின் நிர்வாகியாக அவரே இருக்கிறார். அவரை நீக்கினாலும், அதுவரை வந்ததெல்லாம் அவர் கையில் இருக்கும். நிறுவனத்திடமோ நடந்த பேச்சின் பிரதி ஒன்றுகூட இருக்காது.

பதிவேடுகளைப் பாதுகாக்கும் கடமையுள்ள துறைகளில் இது சட்டப் பிரச்சினையும் ஆகும். அமெரிக்காவில் ஜேபி மார்கன் நிறுவனத்தின் பங்கு வர்த்தகப் பிரிவு, ஊழியர்கள் சொந்தக் கைப்பேசிகளில் வாட்ஸ்அப், குறுஞ்செய்தி மூலம் நடத்திய அலுவல் பேச்சுகளைப் பாதுகாக்கத் தவறியதற்காக 2021 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளுக்குமாகச் சேர்த்து 20 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் இதே வகைக் குற்றச்சாட்டில் வால் ஸ்ட்ரீட்டின் பெரிய நிதி நிறுவனங்கள் பல சேர்ந்து செலுத்த ஒப்புக்கொண்ட தொகை 180 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வழக்குகளில் விதியை மீறியவர்களுள் மேலதிகாரிகளும் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மேலாளரே வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பும்போது கீழே உள்ளவர் அலுவலகச் செயலியில் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறிய நிறுவனங்கள் செய்யக்கூடியது: ‘வருகிறேன்’, ‘தாமதமாகும்’ போன்ற தகவல்களுக்கு வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, ஆவணமும் வாடிக்கையாளர் விவரமும் நிறுவனக் கணக்கில் இயங்கும் செயலியில்தான் போக வேண்டும் என்று கோடு போடலாம். குழு நிர்வாகியாக நிறுவனத்தின் எண் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு படிச் சரிபார்ப்புக்காக மட்டும் ஒரு செயலியை நிறுவச் சொல்கிறார்கள். அதையும் சந்தேகிக்க வேண்டுமா?

30 நொடிக்கு ஒரு முறை மாறும் எண்ணைக் காட்டும் வகைச் செயலி, இணையத் தொடர்பு இல்லாமலேயே இயங்கும். அந்த எண்ணை உருவாக்க உங்கள் கைப்பேசியிலிருந்து எந்தத் தகவலும் நிறுவனத்துக்குப் போக வேண்டியதில்லை. ‘அனுமதிக்கவா?’ என்று அறிவிப்பு அனுப்பும் வகை, சாதனத்தைப் பற்றிய சில விவரங்களைத் தெரிவிக்கும். நிறுவனக் கொள்கையைப் பொறுத்து இருப்பிடத்தையும் கேட்கலாம். விருப்பமில்லாதவருக்கு, கணினியில் செருகி அடையாளத்தை உறுதிப்படுத்தும் சிறு கருவியான யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி தருவது நிறுவனத்துக்குப் பெரிய சுமை இல்லை.

என் கைப்பேசி பழையது. சேர்க்க மறுக்கிறார்கள். நியாயமா?

பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கைப்பேசியை மறுப்பது நியாயமே. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குறைபாடு வெளியான 2015-க்குப் பிறகுதான் ஆண்ட்ராய்டுக்கு மாதாந்திரத் திருத்தங்கள் என்ற வழக்கமே வந்தது. அவை ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை ஆண்டு வரும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது, பல மலிவு மாடல்களுக்கு இது குறையும். ரூட் செய்யப்பட்ட, அதாவது தயாரிப்பாளர் வைத்த கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட, கைப்பேசியையும் இதே காரணத்துக்காக மறுப்பார்கள். ஆனால், ‘புதிதாக வாங்கிக்கொள்’ என்று ஊழியரிடம் சொல்வது மட்டும் நியாயமாகாது. வேலைக்குக் கைப்பேசி கட்டாயம் என்றால் அதைத் தர வேண்டியவர் வேலை கொடுப்பவர்.

டேட்டா செலவை யார் ஏற்பது?

பல நாடுகளில் இதற்குத் தனிச் சட்டம் இல்லை. பணி ஒப்பந்தமே பேசும். கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் ஒரு வழக்கில், வேலைக்காகச் சொந்தக் கைப்பேசியைக் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தால் கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்றது. மாதத் தொகை மாறாத வரம்பற்ற திட்டமாக இருந்தாலும் அது பொருந்தும் என்றும் சொன்னது. ஊழியருக்குக் கூடுதலாக ஒரு காசுகூடச் செலவாகவில்லையே என்று வாதிடும் நிறுவனங்கள் இந்தத் தர்க்கத்தைப் படிக்க வேண்டும்: தன் செயல்பாட்டுச் செலவை ஊழியர் மீது ஏற்றிவிட்டு நிறுவனம் லாபம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் ரசீது கேட்டுக் கணக்குப் பார்ப்பதைவிட நிலையான தொகை ஒன்றைப் படியாகத் தருவது இரு தரப்புக்கும் எளிது.

இரவு பத்து மணிக்கு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், நியாயமற்ற மறுப்பாக இல்லாதவரை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதிலளிக்காமல் இருக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகலின் 2021 சட்டம் கடமையை நிறுவனத்தின் மீதே வைத்து, ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாதே என்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு வொர்க் புரொஃபைலில் ஒரு சிறு வசதி உண்டு: பணிச் செயலிகளை ஒரே தொடுதலில் இடைநிறுத்தலாம். ஐகான்கள் சாம்பல் நிறமாகும். அறிவிப்பு எதுவும் வராது. இதற்காகவே அந்த முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

புகார் அல்லது வழக்கு வந்தால் என் கைப்பேசியை ஒப்படைக்கச் சொல்வார்களா?

அலுவல் பேச்சு உங்கள் சொந்தக் கணக்கில் நடந்திருந்தால் அந்த நிலை வரலாம். அப்போது சொந்தத் தகவல்களும் விசாரிப்பவர் கண்ணில் படும். வேலைப் பேச்சை நிறுவனக் கணக்குக்குள்ளேயே வைத்திருந்தால், தேவையானதை நிறுவனம் தன் சேவையகத்திலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். விசாரணை நடக்கும் காலத்தில் எதையும் அழிக்காதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடக் கூடும்.

எங்களுடையது சிறு நிறுவனம், ஐ.டி. பிரிவு இல்லை. எங்கே தொடங்குவது?

மென்பொருள் வாங்குவதில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள்: எந்தத் தகவல் கைப்பேசிக்கு வரலாம், எது வரவே கூடாது, நாங்கள் எதைப் பார்ப்போம், எதைப் பார்க்கவே மாட்டோம், எப்போது எதை அழிப்போம், செலவில் எவ்வளவு தருவோம். இதை எழுதும்போதே பாதிச் சிக்கல்கள் வெளியே வந்துவிடும். சம்பளப் பட்டியல் எப்படி இத்தனை பேர் கைப்பேசியில் இருக்கிறது என்று உரிமையாளரே வியக்கும் தருணமும் வரும். ஊழியர்கள் படித்துக் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். அதன் பிறகு, நீங்கள் ஏற்கெனவே கட்டணம் செலுத்தும் மின்னஞ்சல் சேவையின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திரைப்பூட்டைக் கட்டாயமாக்குவது, கணக்கை மட்டும் தொலைவிலிருந்து நீக்குவது போன்ற அடிப்படை வசதிகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சொந்தக் கைப்பேசியில் எதுவும் நிறுவ மாட்டேன் என்று மறுக்கலாமா?

வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மறுப்பவர் எல்லோரும் முரண்டு பிடிப்பவர் இல்லை. குடும்பமே ஒரு கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு, சாதாரணப் பொத்தான் கைப்பேசியே போதும் என்று இருப்பவர்களும் உண்டு. மாற்று வழி வைத்திருக்கும் நிறுவனத்தில் இது ஒரு பிரச்சினையாகவே எழுவதில்லை.

வேலையை விட்டுப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

கடைசி நாளுக்கு முன்பே செய்யுங்கள். பணிக் கணக்கில் தவறுதலாகச் சேமித்த சொந்தத் தொடர்பு எண்களை வெளியே எடுங்கள். வங்கி, காப்பீடு போன்ற சொந்தக் கணக்குகளுக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். சரிபார்ப்புச் செயலியில் சொந்தக் கணக்குகளும் இருந்தால் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிய பிறகே எதையும் நீக்குங்கள். பின்னர் ஐ.டி. பிரிவின் முன்னிலையில் பணிப் பகுதியை நீக்கி, நிறுவனத் தரவு எதுவும் உங்களிடம் இல்லை என்றும், உங்கள் சாதனம் அவர்களுடைய மேலாண்மைப் பட்டியலில் இல்லை என்றும் இரு தரப்பும் மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலின் பிரதி உங்கள் சொந்த முகவரிக்கும் வரட்டும். அலுவலகப் பெட்டி மறுநாள் திறக்காது.

கைப்பேசியைப் பழுதுக்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும்?

விற்கும் முன் பணிப் பகுதியை முறைப்படி நீக்கி, பிறகு முழுமையாக மீட்டமைக்க வேண்டும். பழுதுக்குக் கொடுப்பதானால், கடைக்காரர் பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்பார். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு முன் பணிப் பகுதியை நீக்கிவிடுங்கள். கைப்பேசி திரும்பி வந்த பிறகு மறுபடி இணைத்துக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகாது.